ஏழு கட்டைவிரல் வாழ்த்து

போன டிசம்பர் 25 அன்று என் செல்போனுக்கு வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் மொத்தம் 38. பி.காம். படித்தவனுக்கு எதையும் எண்ணிப் பார்த்து டேலி செய்யாவிட்டால் சோறு இறங்காது. அதில் 21 பேர் அனுப்பியது ஒரே படம். பனியில் ஒரு வீடு, வாசலில் ஒரு மான், மானுக்கு மேலே தங்க எழுத்தில் 'உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்.' வெள்ளகோவிலில் பனிக்கட்டி விழுந்து நான் பார்த்ததில்லை. மார்கழி விடியற்காலையில் டீக்கடைக்குப் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டுகிற அளவுக்குக் குளிரும், அவ்வளவுதான்.

மூன்று பேர் அந்தப் படத்தோடு 'பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது' என்கிற இரட்டை அம்புக்குறியையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரத்தை பேக்கிங் பிரிக்காமல் அடுத்த கல்யாணத்தில் மொய்யாக வைக்கிறோமே, அந்த மாதிரி.

இதைப் பற்றி நண்பரிடம் புலம்பினேன். அவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வருஷத்தில் பாதி நாள் கிறிஸ்துமஸ் ஆர்டர் பின்னால் ஓடுகிறவர். அவருக்குக் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே கன்டெய்னர் ஏறிப் போய்விடும். டிசம்பரில் அவர் அடுத்த கோடைக்காலத்தில் இருப்பார்.

"ஏன் மாப்ள, அவன் அனுப்புனதே பெருசு. இதுல கையால செஞ்சு அனுப்போணுமா? அதெல்லாம் அந்தக் காலத்துல நேரம் இருந்தவங்க பண்ணுனது" என்றார்.

அந்தக் காலத்தில் நேரம் இருந்ததாக நாமாக நினைத்துக்கொள்கிறோம். சரித்திரத்தைப் புரட்டினால், அச்சடித்த கிறிஸ்துமஸ் கார்டு பிறந்ததே நேரம் இல்லாத ஒரு ஆபீஸர் கையில்தான்.

* * *

லண்டனில் ஹென்றி கோல் என்று ஒரு அரசாங்க அதிகாரி. 1840-ல் பிரிட்டனில் பென்னி போஸ்ட் வந்தது. ஒரு பென்னி தபால் தலை ஒட்டினால் நாட்டில் எந்த மூலைக்கும் கடிதம் போகும். அந்தத் திட்டம் நடைமுறைக்கு வர வேலை பார்த்தவர்களில் கோலும் ஒருவர். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான் நடந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் அவர் மேஜையில் கடிதங்கள் குவிந்தன. பதில் போடாவிட்டால் மரியாதைக் குறைவு. உட்கார்ந்து பதில் எழுதினால் ஆபீஸ் வேலை நடக்காது.

1843-ல் ஜான் ஹார்ஸ்லி என்கிற ஓவியரைக் கூப்பிட்டு ஒரு படம் போடச் சொன்னார். நடுவில் ஒரு குடும்பம் விருந்து சாப்பிடுகிறது. இரண்டு பக்கமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கிறார்கள். மேலே பெறுநர் பெயருக்கு ஒரு கோடு, கீழே அனுப்புநருக்கு ஒரு கோடு. நிரப்பினால் முடிந்தது வேலை. ஆயிரம் பிரதி அச்சடித்து, கையால் கலர் பூசி, தன் தேவை போக மிச்சத்தை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். ஒரு ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்னி. ஒரு கார்டு வாங்குகிற காசில் பன்னிரண்டு கடிதம் போடலாம்.

படத்தில் ஒரு குழந்தையும் ஒயின் குடிக்கிறது. மதுவிலக்குக்காரர்கள் பிடித்துக்கொண்டு விட்டார்கள். உலகத்தின் முதல் கிறிஸ்துமஸ் கார்டே சர்ச்சையில்தான் ரிலீஸானது. அதில் மிஞ்சிய ஒரு கார்டு 2001-ல் சுமார் 20,000 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. எனவே வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பேப்பரை எடைக்குப் போடுமுன் ஒரு தடவை உதறிப் பாருங்கள்.

ஆக, மான் படத்தை ஃபார்வேர்டு செய்த 21 பேரும் ஹென்றி கோலின் வாரிசுகள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தக் கார்டுக்கும் ஒரு தபால் தலை ஒட்ட வேண்டியிருந்தது, ஒரு விலாசம் எழுத வேண்டியிருந்தது. இன்னார் வீடு இன்ன தெருவில் இருக்கிறது என்று ஒரு நிமிஷமாவது நினைக்க வேண்டியிருந்தது. ஃபார்வேர்டில் அந்த ஒரு நிமிஷமும் மிச்சம்.

எங்கள் பக்கம் வாழ்த்து அட்டை என்றால் பொங்கல்தான். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மார்கழி பிறந்ததுமே பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கயிறு கட்டிக் கார்டுகளைத் தொங்க விடுவார்கள். எல்லாம் சிவகாசி சரக்கு. பொங்கல் பானை, கன்றுக்குட்டி, ஜோடி மயில், ரஜினி, விஜய், அஜித். ஜிகினா தூவியது இரண்டு ரூபாய் கூடுதல். அதைத் தொட்டால் கை முழுக்க மின்னும். வகுப்பில் யார் யாருக்குக் கார்டு போட்டது என்பது விரல் மினுக்கத்தில் தெரிந்துவிடும். கவரை ஒட்டாமல் வாயை உள்ளே செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால் செலவு குறைவு என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஆறாம் வகுப்பு அண்ணன். நான் படித்த முதல் காமர்ஸ் பாடம் அதுதான்.

அப்புறம் எஸ்.எம்.எஸ். வந்தது, மற்றதும் வந்தது. கயிறு மட்டும் மிச்சம். இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1624-ல் தொடங்கிய டென்மார்க் தபால் துறை, 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. நானூறு வருஷப் பழக்கம்! நம் ஊரில் ஐந்து ரூபாய் தபால் தலைக்கு ஒரு மனிதர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் வருகிறார். அதை அனுபவிக்காமல் விட்டால் எப்படி?

* * *

கையால் கார்டு செய்வதற்கு முதலில் வேண்டியது அட்டை. இதில் திருப்பூர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

பனியன் துணியை வெட்டும்போது கழுத்துப் பக்கமும் கைப் பக்கமும் பிறை பிறையாக விழுகிறதே, கட்டிங் வேஸ்ட், அது எங்கே போகிறது? ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கக் கொஞ்சம். தலையணைக்குள் கொஞ்சம். எங்கள் சுற்றுவட்டார ஓ.இ. மில்களில் மறுபடி பஞ்சாகி, நூலாகி, பெட்ஷீட்டாகக் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் கைக்காகிதம் ஆகிறது. நல்ல கைக்காகிதத்துக்கு முக்கியக் கச்சாப் பொருளே பனியன் கட்டிங் வேஸ்ட்தான். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-லிருந்து நடத்தும் கைக்காகிதத் தொழிற்சாலைக்குப் போனால் இந்த விந்தையைப் பார்க்கலாம்.

துணியைச் சிறு சிறு துண்டாக நறுக்குகிறார்கள். பீட்டர் என்கிற தொட்டியில் தண்ணீரோடு சேர்த்து மணிக்கணக்கில் அடித்துக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழில் ஒரு சல்லடைச் சட்டத்தை முக்கி, சமமாகத் தூக்கினால், தண்ணீர் வடிந்து தோசை மாதிரி ஒரு படலம் நிற்கும். அதைத் துணி மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்திப் பிழிந்து, கொடியில் காயப் போட்டால் காகிதம். மரக்கூழில் லிக்னின் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. பழைய செய்தித்தாள் மஞ்சளாவது அதனால்தான். பருத்தியில் அந்தத் தொல்லை இல்லை. இந்திய ரூபாய் நோட்டுக் காகிதமும் நூறு சதவீதம் பருத்திதான். உங்கள் பர்ஸில் இருக்கும் நோட்டும், நீங்கள் போட்டிருக்கும் பனியனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். (முதலாமவர் மாசக் கடைசியில் காணாமல் போவார்.)

இந்தக் கைக்காகிதத்துக்கு மறுவாழ்வு கொடுத்ததில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் ஆடிட்டராகச் சம்பாதித்து, அமெரிக்கா போய் வணிகமும் பொருளாதாரமும் படித்தவர். அதாவது எங்கள் காமர்ஸ் ஜாதி. கோட்டு சூட்டோடு வெள்ளைக்காரத் துரை மாதிரி இருந்த மனிதர், 1929-ல் காந்தியைச் சந்தித்ததும் ஆளே மாறிப் போனார். 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் பொறுப்பு இவரிடம் வந்தது. வார்தாவில் எண்ணெய்ச் செக்கு, தேனீ, மண்பாண்டம் இவற்றோடு கைக்காகிதமும் இவர் பட்டியலில் இருந்தது. ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனம் இன்றும் குமரப்பா பெயரில்தான் இயங்குகிறது.

லாப நஷ்டக் கணக்கில் எழுதாமல் விட்டது எது என்று கேட்ட ஆடிட்டர் அவர். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

* * *

இப்போது செய்முறை. பேப்பர் கடையில் கைக்காகிதம் என்று கேட்டால் ஒரு ஷீட் எடுத்துத் தருவார்கள். கிடைக்காவிட்டால் சாதாரணச் சார்ட் அட்டை போதும். வாங்கும்போது ஜி.எஸ்.எம். கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார். பனியன் கம்பெனிக்காரர்கள் முழிக்க மாட்டார்கள், ஏனென்றால் துணிக்கும் அதே கணக்குதான். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்? டி-ஷர்ட் துணி 180. ஆபீஸ் ஜெராக்ஸ் பேப்பர் 70 அல்லது 80. கார்டுக்கு 250 இருந்தால் நிமிர்ந்து நிற்கும். ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை இரண்டாக மடித்தால் ஒரு கார்டு. எடை 8 கிராம்கூட வராது. கவரோடு சேர்த்தாலும் 20 கிராமுக்குள்தான். ஐந்து ரூபாய் தபால் தலை தாராளம்.

மடிப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. பனியன் துணி அகலவாக்கில் இழுத்தால் நீளும், நீளவாக்கில் அவ்வளவாக நீளாது இல்லையா? மெஷினில் செய்த அட்டைக்கும் அப்படி ஒரு வாக்கு உண்டு. லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாக்கில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிப்பதற்கு முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுங்கள். ஒவ்வொரு ஆபீஸ் டிராயரிலும் மை தீர்ந்த பேனா ஆறாவது இருக்கும். அவற்றுக்கும் ஒரு வாழ்வு.

அடுத்தது முத்திரை. வெளிநாட்டில் இதற்கென்றே ரப்பர் ஸ்டாம்ப், கலர் பேட் என்று கடை கடையாக விற்கிறார்கள். நமக்கு உழவர் சந்தை போதும். முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்கள். பெரும்பாலும் ஐந்து முனை நட்சத்திரம். பெத்லகேமுக்கு வழி காட்ட இது போதாதா? பாகற்காயை வெட்டி விதையைத் தோண்டி எடுத்துவிட்டால் முள் முள்ளாக ஒரு வளையம், கதவில் மாட்டுவார்களே அந்த மாலை. முருங்கைக்காய் குறுக்கு வெட்டு லேசாக முக்கோணம். எங்கள் பக்கத்து முருங்கைக்கு இந்த மரியாதையாவது கிடைக்கட்டும். மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாகப் பச்சைக் கலரில் குத்தினால் கிறிஸ்துமஸ் மரம்.

வெட்டின காயை உடனே கலரில் தோய்த்தால் தண்ணீர் கலந்து சொதசொதவென்று இழுகும். செய்தித்தாள் மேல் பத்து நிமிஷம் கவிழ்த்து வையுங்கள். பழைய ஸ்பாஞ்சில் ஃபேப்ரிக் கலரைத் தடவினால் அதுதான் ஸ்டாம்ப் பேட். முதல் குத்து வேஸ்ட் பேப்பரில். அடுத்தது கார்டில். நேராக வைத்து, அழுத்தி, நேராக எடுங்கள். ஆட்டாதீர்கள். தாலுகா ஆபீஸில் முத்திரை குத்துகிற கிளார்க்கைக் கவனித்திருக்கிறீர்களா? ஓங்கிக் குத்துவார், ஆனால் ஆட்ட மாட்டார். முப்பது வருஷ சர்வீஸ்.

எழுத்து வேண்டுமென்றால் பள்ளிக்கூட அழிரப்பரில் பிளேடால் செதுக்கலாம். கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிச் செதுக்க வேண்டும். 'நோயல்' என்று ஆங்கிலத்தில் நேராகச் செதுக்கிய ஒரு நண்பருக்கு லியோன் என்று விழுந்தது, அதுவும் திரும்பின எழுத்தில். ஆறு கார்டு முடிந்த பிறகுதான் கவனித்தார். "லியோன்னு ஒரு பையன் எங்க செக்‌ஷன்ல இருக்கானுங்க, ஆறையும் அவனுக்கே குடுத்தர்றன்" என்று சமாளித்தார். (நோயல் என்றால் கிறிஸ்துமஸ். நொய்யல் என்றால் நம் ஆறு. சாயம் இரண்டுக்கும் நல்ல பழக்கம்.)

பட்டன், மணி, கண்ணாடி என்று அட்டை மேல் ஒட்டாதீர்கள். தபால் ஆபீஸ் முத்திரை அதன் மேல் விழும்போது உள்ளே வெடிச் சத்தம் கேட்கும்.

கலையெல்லாம் எனக்கு வராது என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. யுனிசெஃப் நிறுவனம் வருஷா வருஷம் வாழ்த்து அட்டை விற்றதே, அதன் முதல் அட்டைப் படம் ஏழு வயசுப் பெண் வரைந்தது. செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த யிட்கா சம்கோவா. யுத்தம் முடிந்த காலம். காகிதம் கிடைக்கவில்லை. கண்ணாடித் துண்டின் மேல் வரைந்து அனுப்பினாள். 1949-ல் அது அட்டையாயிற்று. உங்களிடம் காகிதமாவது இருக்கிறது.

* * *

இதையெல்லாம் எனக்குப் பழக்கிவிட்டது ஒரு பையன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கிறான். ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டம். பனியன் யூனிட்டில் சிங்கர் டெய்லர். தமிழ் பேசுவான், ஓவர்லாக், பேட்லாக் என்றெல்லாம் நம்மைவிடச் சுத்தமாகச் சொல்வான். போன டிசம்பர் முதல் வாரம் ஒரு கவரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணா, பின்கோடு சரியா பாருங்க அண்ணா."

பார்த்தேன். சரியாக இருந்தது. உள்ளே என்ன என்றேன். காட்டினான்.

கம்பெனியில் பாழாய்ப் போன பேக்கிங் அட்டை. (கேட்டுத்தான் எடுத்தேன் அண்ணா என்று நான் கேட்காமலே சொன்னான்.) அட்டையின் குறுக்கே, மெஷினில் ஓட்டிய பச்சை நூல் தையல் வளைந்து வளைந்து போகிறது. பேப்பரில் தையல் போடுவது சாமானியம் இல்லை. தையல் நெருக்கமாக விழுந்தால் தபால் தலை மாதிரி கிழிந்துகொண்டு வந்துவிடும். நீளத் தையல் வைக்க வேண்டும். பேப்பர் ஊசியை மழுங்கடிக்கும், அதனால் தூக்கிப் போடுகிற பழைய ஊசியை மாட்டிக்கொள்ள வேண்டும். பையன் அதெல்லாம் தெரிந்தவன். அந்த நூல் மேல் அங்கங்கே சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று சீரியல் செட் பல்புகள். கிட்டே பார்த்தேன். பல்பு இல்லை, கட்டைவிரல் ரேகை.

"அம்மாக்குப் படிக்கத் தெரியாது அண்ணா. எழுதினா வேற ஆளு படிச்சுச் சொல்லணும். இது அவங்களே பாக்கலாம்."

ஆறு விரல். ரூமில் ஆறு பேர். இவன் ஒருவன்தான் கிறிஸ்தவன். மற்றவர்கள் பீகார், ஒடிசா, அசாம். எல்லாரிடமும் ஒரு கலர் கொடுத்து ஒரு விரல் வாங்கியிருக்கிறான். "நான் இங்க தனியா இல்லைன்னு அம்மாக்குத் தெரியணும் அண்ணா."

அவன் ஏன் நேரில் போகவில்லை என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு லீவு ஒரு நாள். தன்பாத் எக்ஸ்பிரஸில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஒரு நாள் லீவில் நாலு நாள் பயணம் எந்தக் கணக்கிலும் டேலி ஆகாது.

"நீங்களும் ஒண்ணு வைங்க அண்ணா" என்று மிச்சமிருந்த மஞ்சள் கலரை நீட்டினான். வைத்தேன். ஏழு.

கட்டைவிரல் ரேகைக்கு நம் நாட்டில் நல்ல பெயர் கிடையாது. 'கைநாட்டு' என்பது வசவு. அதை ஆபீஸ் காரியத்துக்குப் பிடித்துப் போட்டவர் வில்லியம் ஹெர்ஷல் என்கிற வெள்ளைக்கார அதிகாரி. 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில், ரோடு போடக் கப்பி சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒரு ஒப்பந்தம். பின்னால் 'இது என் கையெழுத்தே இல்லை' என்று ஆள் மறுத்துவிட்டால்? ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருந்த மையையே கோனாயின் உள்ளங்கையில் தடவி, பத்திரத்தின் பின்பக்கம் அழுத்தி எடுத்தார் ஹெர்ஷல். நோக்கம், ஆளைப் பயமுறுத்துவது. 1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகைக்கென்று தனிப் பிரிவே தொடங்கியாயிற்று. அந்த அவநம்பிக்கைதான் இன்றைக்கு ரேஷன் கடையிலும் கம்பெனி வாசலிலும் மெஷினாக நிற்கிறது. காலை எட்டரைக்கு விரலை வைக்கிறோம், நாம் நாம்தானா என்று அது யோசிக்கிறது.

இந்தப் பையனுடைய விரலை அந்த மெஷின் வாரத்தில் இரண்டு நாளாவது ஒப்புக்கொள்வதில்லையாம். துணி பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துவிட்டது. துடைத்து, ஊதி, எண்ணெய் தடவி, நாலாவது தடவை 'நன்றி' என்கும். அதே விரலைத்தான் சிவப்புக் கலரில் தோய்த்து அம்மாவுக்கு அனுப்பினான்.

கார்டு டிசம்பர் 19 போய்ச் சேர்ந்தது. அன்று இரவு போனும் கையுமாக ஓடி வந்தான். அந்த முனையில் அம்மா, அவர்கள் பாஷையில் படபடவென்று ஏதோ கேட்கிறார். இவன் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தான்.

"மஞ்சள் விரல் சாப்பிட்டாச்சான்னு கேக்கறாங்க அண்ணா. வரிசையா ஒவ்வொரு விரலா கேட்டுட்டு வர்றாங்க."

சாப்பிட்டாயிற்று என்று சொல்லச் சொன்னேன்.

* * *

மெர்ச்சன்டைசர் நண்பரிடம் இதைச் சொன்னதும் அவருக்குக் கண்ணில் வேறு வெளிச்சம் வந்தது.

"மாப்ள, இதைப் பிசினஸா பண்ணலாமே! எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் அட்டை இருக்குது, நூல் இருக்குது. கார்டு என்ன அடக்கம் வரும், போட்டுப் பாரு."

போட்டேன். நான் செய்த கார்டுக்கு அட்டை 12 ரூபாய், கவர் 3, கலர் 4, வெண்டைக்காய் 1. ஆக 20. செய்ய ஆன நேரம் ஒன்றரை மணி. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 500 ரூபாய் சம்பளம் என்று வைத்தால், ஒன்றரை மணிக்கு 93 ரூபாய் 75 காசு. மொத்த அடக்கம் 113 ரூபாய் 75 காசு.

"யாரு வாங்குவா? கடையில முப்பது ரூபாய்க்குக் கெடைக்குது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வீட்டுல சும்மா இருக்கற பொம்பளைகளுக்குக் குடுத்தா பீஸுக்கு பத்து ரூபா வாங்கிட்டுச் செய்வாங்க. முப்பதுல அடக்கிர்லாம்" என்றார்.

கைத்தொழிலில் லாபம் காட்டுகிற சூத்திரம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. 93 ரூபாய் 75 காசுக்கான நேரம் அப்படியே இருக்கும், யாரோ ஒரு அம்மணியின் மதியத் தூக்கத்திலிருந்து போகும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் 10 ரூபாய் என்று ஏறும். மிச்சம் 83 ரூபாய் 75 காசை யாரும் எழுத மாட்டார்கள். எழுதாத செலவுக்கு 'வீட்டில் சும்மா இருப்பது' என்று பெயர். குமரப்பா கேட்டுக்கொண்டிருந்ததும் இதைத்தான். பொருளின் விலைச் சீட்டில், செய்த ஆளின் வயிறு எங்கே இருக்கிறது?

எனவே விற்பதாக இருந்தால் முழு அடக்கத்தையும் போட்டு விலை சொல்லுங்கள். வாங்குவதாக இருந்தால், கையால் செய்த கார்டு 150 ரூபாய் என்கிறவரிடம் பேரம் பேசுமுன் ஒரு தடவை கடிகாரத்தைப் பாருங்கள். விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரத்தை நீங்களே ஒருவருக்குக் கொடுங்கள். அதை 93 ரூபாய் 75 காசு என்று யாரும் பில் போட மாட்டார்கள்.

கணக்கியலில் ஒரு வினோத விதி உண்டு, ஸ்டாண்டர்டு 26. ஒரு வியாபாரம் சொந்தமாகச் சம்பாதித்த நல்லெண்ணத்தை, அதாவது குட்வில்லை, புத்தகத்தில் சொத்தாகக் காட்டக் கூடாது. விலை கொடுத்து வாங்கிய குட்வில்லை மட்டும்தான் காட்டலாம். பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கியபோது எனக்கு அர்த்தம் புரியவில்லை. இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 25-க்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் 10-ஆம் தேதிக்குள் தபாலில் போட்டுவிடுங்கள். பொங்கலுக்கு என்றால் புது வருஷத்துக்கு முன்பே. கார்டு செய்வதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. விலாசம். நம் போனில் எல்லாருடைய நம்பரும் இருக்கும், ஒருவருடைய வீட்டு நம்பரும் இருக்காது. கூச்சப்படாமல் கூப்பிட்டுக் கேளுங்கள்.

"திடீர்னு எதுக்குப்பா அட்ரஸ்?" என்று எதிர்முனை சந்தேகப்படும். கல்யாணமா, கடனா என்று கேட்கும். அப்படியே பத்து நிமிஷம் பேச்சு ஓடும். அந்தப் பத்து நிமிஷத்துக்குத் தபால் தலைகூட வேண்டாம்.